பங்குதாரரின் நஷ்டம் தீர்ப்பு நாளோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூகுள் மீதான ஏகபோக வழக்கைப் பற்றிய தங்கள் கட்டுரை, தீர்ப்பு வந்தால் பங்கு விலை எவ்வளவு விழும் என்பதோடு நின்றுவிட்டது. பழைய மைக்ரோசாப்ட் வழக்கை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இது பாதிக் கதைதான்.

விண்டோஸோடு தன் இணைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்து, போட்டி உலாவியான நெட்ஸ்கேப்பை மைக்ரோசாப்ட் ஒழிக்கப் பார்க்கிறது என்று 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அதனால் பங்கு விழுந்ததா? இல்லை, 1999 டிசம்பரில் உச்சத்துக்கே போனது! சமரசப் பேச்சு முறிந்ததும் 2000 ஏப்ரல் 3 அன்று ஒரே நாளில் சுமார் 14 சதவீதம் சரிந்தது. அன்று சந்தை முடிந்த பிறகு, சட்டமீறல்தான் என்று நீதிபதி ஜாக்சன் சொன்னார். கம்பெனியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று ஜூனில் அவர் போட்ட உத்தரவை மறு வருடமே மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஆபத்து நீங்கியும் பழைய உச்சத்தைத் தாண்ட 2016 அக்டோபர் வரை ஆயிற்று. இணையக் கம்பெனிப் பங்குகள் மீதான அன்றைய டாட்காம் மோகத்தில், ஆண்டு லாபத்தைப் போல் 60 மடங்குக்கும் மேல் கொடுத்து வாங்கியவர்கள் நீதிபதியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் வழக்கால் கவனம் சிதறியதால்தான் செல்போன் மென்பொருளில் கோட்டைவிட்டோம் என்று 2019-ல் பில் கேட்ஸே சொன்னார். பின்னால் வந்த நொண்டிச் சாக்கு என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அதில் பாதியாவது உண்மை என்றே படுகிறது. அந்த நஷ்டம் எந்த ஒரு நாளின் விலைப்பட்டியலிலும் தெரியாது.

கம்பெனியைப் பிரித்தாலே பங்குதாரர் காலி என்பதும் சரியில்லை. 1911-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டு ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தார்கள். எல்லாவற்றிலும் பங்கு கிடைத்த அதன் நிறுவனர் ராக்ஃபெல்லர் முன்னைவிடப் பணக்காரரானார்.

அப்புறம், கட்டுரையில் ஆப்பிளின் பெயரே இல்லை. தன் தேடுபொறியை ஆப்பிளின் உலாவியான சஃபாரியில் முதலாவதாக வைக்க, 2022-ல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். 2025 செப்டம்பரில் கூகுள் வழக்கின் நீதிபதி மேத்தா, கூகுள் தன் உலாவியான குரோமை விற்க வேண்டாம், பணமும் கொடுக்கலாம், ஆனால் 'எங்களைத் தவிர வேறு யாரையும் சேர்க்காதே' என்கிற ஒப்பந்தம் மட்டும் கூடாது என்றார். மறுநாள் கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்டின் பங்கு சுமார் 9 சதவீதம் ஏறியது. ஆப்பிள் பங்கும் கூடவே ஏறியது. பணம் கூடாது என்று தீர்ப்பு வந்திருந்தால், அந்தச் செலவு மிச்சமாகும் கூகுளைவிட, வழக்கில் பிரதிவாதியே இல்லாத ஆப்பிளின் முதலீட்டாளர்களுக்குத்தான் உடனடி அடி விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு