ஏற்றிய படம் அப்படியே திரும்பி வரவில்லை: கட்டணச் சேவை மீது ஒரு புகார்

அனுப்புநர்:
திருமண, விழா ஒளிப்படக் கலைஞர்,
கும்பகோணம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணைய ஒளிப்படச் சேமிப்பு நிறுவனம்.

பொருள்: தொழில்முறைத் திட்டத்தில் ஏற்றிய படங்களைச் சொல்லாமல் சுருக்கியது, படத்துக்குள் இருந்த தகவல்களை நீக்கியது, மூலப் படங்களைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், கோயில் விழா என்று படம் எடுத்துப் பிழைப்பவன் நான். உங்கள் தளத்தின் தொழில்முறைத் திட்டத்துக்குப் பல ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். ஏற்றும் படம் முழு அளவில், ஒரிஜினலாகவே பாதுகாக்கப்படும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் அதில் சேர்ந்தேன். இப்போது பார்த்தால் நான் உங்களிடம் கொடுத்த ஃபைல் வேறு, நீங்கள் திருப்பித் தரும் ஃபைல் வேறு. இதை நீங்கள் எனக்குத் தெரிவிக்கவே இல்லை. பிரிண்ட் போடும் லேபில் வேலை பார்க்கும் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சதாபிஷேகம் எடுத்தேன். சடங்கெல்லாம் முடிந்து கூட்டம் பந்திக்குப் போன நேரத்தில், பாட்டியை மட்டும் ஜன்னலோரம் உட்காரவைத்து நாலைந்து படம் எடுத்தேன். அரக்குப் பட்டு, வைர மூக்குத்தி, நெற்றியில் பெரிய குங்குமம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. சமீபத்தில் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். காரியம் முடிவதற்குள் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று அவருடைய மகன் கேட்டார். ஸ்டுடியோவில் இருந்த ஹார்ட் டிஸ்க் மழைத் தண்ணீர் புகுந்து போய்விட்டது. வீட்டில் உள்ள டிஸ்க்கில் அண்மைக் காலப் படங்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த ஆண்டுப் படங்கள் உங்களிடம்தான் இருந்தன. இப்படி ஒரு நாள் வரும் என்றுதானே சந்தா கட்டுகிறோம்?

படத்தை இறக்கி, 20க்கு 30 அங்குலம் போடச் சொல்லி லேபுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அந்தத் தம்பி போன் செய்தார். “அண்ணே, இது வாட்ஸ்அப்ல வந்த படமா? ஒரிஜினல் இருந்தா அனுப்புங்க, இதைப் போட்டா நல்லா வராது.” நேரில் போய் அவருடைய திரையில் நூறு சதவீதத்தில் பார்த்தேன். மூக்குத்திக் கல்லின் ஓரம் கட்டம் கட்டமாகச் சிதறியிருந்தது. குங்குமத்தின் விளிம்பு தோலோடு குழம்பிப்போயிருந்தது. சேலைக் கரையில் தனித்தனியாகத் தெரிந்த ஜரிகை இழைகள் ஒரே மஞ்சள் பட்டையாகிவிட்டன. எல்லாவற்றையும்விட, அந்த அரக்கு நிறமே செத்துப்போயிருந்தது.

காரணம் என்ன என்று வீட்டு டிஸ்க்கில் ஒரிஜினல் உள்ள படங்களை வைத்துச் சோதித்தேன். அதே படத்தை உங்களிடமிருந்து இறக்கி இரண்டையும் ஒப்பிட்டேன். அகலம் உயரம் மாறவில்லை, 6000க்கு 4000 பிக்சல். அதனால்தான் இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் 14 எம்பி இருந்த ஃபைல் 4 எம்பிகூட இல்லை. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 என்ற கையொப்ப எண்ணைச் சரிபார்த்தேன், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்தக் கையொப்பம் மாறிவிடும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும்.

நீங்கள் செய்திருப்பது இதுதான். ஜேபெக் என்பது சுருக்கும்போதெல்லாம் கொஞ்சம் நுணுக்கத்தை இழக்கும் பட வடிவம். அந்த ஜேபெக் படத்தை மறுபடியும் ஜேபெக்காகச் சுருக்கியிருக்கிறீர்கள். அப்படிச் சுருக்கும்போது 4:4:4 ஆக இருந்த நிறத் தகவலை 4:2:0 ஆக்கிவிட்டீர்கள். அதாவது நான்கு பிக்சலுக்கு நான்கு நிறத் தகவல் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம். இதில் முதலில் அடிபடுவது சிவப்பின் விளிம்புகள். நம்மூர் விசேஷப் படங்களில் குங்குமமும் அரக்குப் பட்டும் மருதாணியும்தான் நிறைந்திருக்கும்! அடுத்து, நான் அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிற வரம்பில் சேமித்த படங்களில், நிற எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் நிறச் சுயவிவரத்தைக் கழற்றி எறிந்துவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகிய நிற வரம்பில் உள்ளதாக எடுத்துக்கொள்ளும், நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும். பாட்டியின் சேலை வெளுத்தது இதனால்தான். நிறத்தையாவது சுயவிவரத்தை மறுபடி ஒட்டி ஓரளவு மீட்டுவிட்டேன். சுருக்கியதில் போன நுணுக்கத்தை யாராலும் மீட்க முடியாது. கடைசியில் படத்தைச் சிறிய அளவில் போட்டுக் கொடுத்தேன். அந்தக் குடும்பம் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இரண்டாவது இழப்பு எழுத்தில். 2016 பிப்ரவரியில் நடந்த மகாமகத்தை எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் விடிய விடிய எடுத்தேன். 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அடுத்தது 2028இல். விட்டுப்போனதை நாளைக்குப் போய் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு படத்திலும், ஃபைலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைக்கும் ஐபிடிசி புலங்களில் எந்தப் படித்துறை, எந்தச் சாமி, எந்த நேரம், எடுத்தவர் யார், உரிமை யாருடையது என்று உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பத்திரிகையோ பதிப்பகமோ படம் கேட்டால் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். உங்களிடமிருந்து இறங்கும் படத்தில் அந்தப் புலங்கள் எல்லாம் காலி. படம் எடுக்கும்போது கேமரா தானாகப் பதியும் எக்ஸிஃப் தகவலில் இருந்த தேதிகூட இல்லை, ஃபைலை இறக்கிய தேதிதான் நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது சேர்த்த 65பி பிரிவைக் கவனிக்கச் சொல்கிறேன். உரிமை மேலாண்மைத் தகவலைத் தெரிந்தே, அனுமதி இல்லாமல் நீக்கினால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு. நீங்கள் தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் நடந்ததா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

விசேஷப் படங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஆக, உங்களிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் என் சொத்தே இல்லை, என்னை நம்பி விட்ட குடும்பங்களின் சொத்து. லாக்கரில் வைத்த நகையை உருக்கி, அதே அச்சில் எடை குறைத்து வார்த்துத் திருப்பி வைத்தால் எந்தக் குடும்பம் ஒத்துக்கொள்ளும்?

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கே மேம்படுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பதில் வந்தது. கண்ணுக்குத் தெரிந்துதானே லேபில் திருப்பி அனுப்பினார்கள்? மறுபடி எழுதியதற்கு, விதிமுறைகளில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார்கள். சேமிப்பை மேம்படுத்தும் பொருட்டுப் படங்களை மாற்றியமைக்கலாம் என்று அதில் இருக்கிறது. அந்த வரி நான் சேர்ந்தபோது இல்லை. எப்போது சேர்த்தீர்கள், எந்த மின்னஞ்சலில் அறிவித்தீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

விதிகளை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் மாற்றாதவர் யார்? கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது அளவில்லாமல் இலவசம் என்றது. ஆனால் அந்த இலவசத்தில் படம் 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கப்படும், ஒரிஜினல் வேண்டுமானால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 2021 ஜூன் 1 முதல் இலவசத்தை நிறுத்தியபோதும் அதை முந்தைய நவம்பரிலேயே அறிவித்தார்கள். அதுவரை அந்த இலவச முறையில் ஏற்றியவை 15 ஜிபி கணக்கில் சேராது என்றும் சொன்னார்கள். படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 2013இல் ஒரு டெராபைட் இலவசமாகக் கொடுத்தது. 2018இல் ஸ்மக்மக் என்ற இன்னொரு படச் சேமிப்பு நிறுவனம் அதை வாங்கிய பிறகு இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று நவம்பரில் அறிவித்தது, மிச்சத்தை அழிக்கத் தொடங்கியது அடுத்த ஆண்டுதான். கோபப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் இறக்கிக்கொள்ள அவகாசம் இருந்தது. ஸ்மக்மக் 2002இல் தொடங்கியதிலிருந்தே காசு வாங்கித்தான் நடத்துகிறது, ஏற்றிய ஒரிஜினலைப் பத்திரமாக வைப்பதைத்தான் தன் சேவை என்று சொல்லி விற்கிறது. பிக்ஸிசெட் மாதிரியானவை கஸ்டமருக்குக் கேலரி காட்டி, படம் தேர்வு செய்ய வைப்பதற்கென்றே வந்தவை. நான் உங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கேலரியும் ஒரிஜினல் சேமிப்பும் ஒரே இடத்தில், ரூபாய்க் கட்டணத்தில் கிடைத்ததுதான். சிங்கப்பூரில் இருக்கும் மகளும் மன்னார்குடியில் இருக்கும் மாமாவும் ஒரே லிங்க்கில் ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவார்கள். அந்த வசதி இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது, அதை மறுக்கவில்லை.

மோசமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 2008 அக்டோபரில் டிஜிட்டல் ரெயில்ரோடு என்ற அமெரிக்க நிறுவனம் மூடப்பட்டபோது ஒளிப்படக் கலைஞர்களுக்குக் கொடுத்த கெடு 24 மணி நேரம். 2017இல் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம், அங்கே ஏற்றியவை வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399 டாலர் கட்டு என்றது, இணையம் முழுக்க படங்கள் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகைதான் தெரிந்தது. ஆனால் அங்கெல்லாம் படம் போய்விட்டது என்பதாவது அன்றைக்கே தெரிந்தது. வேறு வழி தேட முடிந்தது. உங்கள் விஷயத்தில் எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. படம் அங்கேயேதான் இருக்கிறது, சிறிய திரையில் அழகாகத்தான் தெரிகிறது. அதை நம்பி வீட்டு டிஸ்க்கில் இடம் இல்லாதபோது பழைய வேலைகளை அழித்துவிட்ட ஸ்டுடியோக்காரர்கள் என் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

சரி, எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்றால் அதற்கும் வழி சரியில்லை. ஒரு தடவைக்கு ஒரு ஆல்பம்தான் ஜிப்பாக இறங்குகிறது. பெரிய ஆல்பம் என்றால் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உள் ஆல்பங்களின் பெயர்களும் வருவதில்லை. முகூர்த்தமும் வரவேற்பும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. கூகுள் கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டிலும் தலைவலி உண்டு, படத்தைப் பற்றிய தகவல்கள் ஜேசன் என்ற தனி எழுத்து ஃபைலாகப் பிரிந்து வரும். ஆனாலும் மொத்தக் கணக்கையும் ஒரே கோரிக்கையில் துண்டு துண்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். காசு வாங்கும் நீங்கள் அந்த அளவுக்காவது செய்ய வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கைகள் இவை. முதலில், நான் ஏற்றிய மூல ஃபைல்கள் உங்கள் சர்வரிலோ காப்புப் பிரதியிலோ எங்காவது இன்னும் இருக்கின்றனவா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான். இருந்தால், ஆல்பப் பெயர்களோடும் உள்தகவல்களோடும் அப்படியே எனக்கு வேண்டும். இறக்க முடியாத அளவு என்றால் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்புங்கள், டிஸ்க்குக்கான காசை நான் தருகிறேன். இல்லையென்றால், எந்தத் தேதியிலிருந்து ஏற்றிய படங்கள் சுருக்கப்பட்டன, எந்தத் தேதிக்கு முந்தையவை தப்பின என்று உங்கள் நிறுவனத்தின் பெயரில் எழுத்து மூலம் கொடுங்கள். என் கஸ்டமர்களிடம் அதைக் காட்டி நான் பதில் சொல்லியாக வேண்டும். ஒரிஜினல் வைத்திருப்பதாகச் சொல்லி வைக்காமல் விட்ட காலத்துக்கான சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், இந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்கும் இதை மின்னஞ்சலில் உடனே தெரிவியுங்கள். வீட்டு டிஸ்க்கில் பழைய படங்களை இன்னும் அழிக்காதவர்களாவது தப்பிக்கட்டும். என்னைப் பொறுத்தவரை, பணத்தைவிட இதுதான் அவசரம்.

மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020இன்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வீட்டு டிஸ்க்கில் உள்ள மூலப் படங்கள் சிலவற்றையும், உங்களிடமிருந்து இறக்கிய அதே படங்களையும், இரண்டின் கையொப்ப எண்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பாட்டியின் படத்தை இணைக்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் அனுமதி பெற வேண்டிய விஷயம். அதன் ஃபைல் பெயரும் ஏற்றிய தேதியும் என் கணக்கில் இருக்கின்றன. மூலப் படங்களைத் தேடத் தொடங்கும்போது முதலில் அதைத் தேடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழில்முறைத் திட்ட வாடிக்கையாளர்,
கும்பகோணம்.