பிஎச் 7.5 என்றால் பாதிப்பு இல்லை என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய நிலத்தடி நீரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால், ‘பிஎச் 7.5, டிடிஎஸ்ஸும் பெரிதாக ஏறவில்லை, ஆகவே பாதிப்பில்லை’ என்ற முடிவை ஏற்க முடியவில்லை. (பிஎச் என்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், ஏழு என்றால் நடுநிலை; டிடிஎஸ் என்பது நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு.) தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நிலக்கரி அடுக்கில் கிடக்கும் நீருக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், சல்பேட் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுதான் போகிறது. வழியில் களிமண் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன, பைகார்பனேட் பெருகுகிறது, மிச்சக் கால்சியமும் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. சல்பேட் அநேகமாகத் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளின் கை ஓங்குகிறது. கடைசியில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த, சல்பேட் பெயருக்குக்கூட இல்லாத நீர் மிஞ்சுகிறது. இதில் சோப்பு நன்றாக நுரைக்கும், அதனால் ‘நல்ல தண்ணி’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கால்சியம் குறைந்த நீரில் ஃபுளூரைடு எளிதில் சேரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வயலுக்குப் பாய்ச்சினாலும் சோடியம் களிமண்ணைக் குழைத்து, மேல்மண்ணை இறுக்கிவிடும். இதெல்லாம் சுரங்கம் வருவதற்கு முன்பே அந்த நீருக்கு உள்ள இயல்பு.

சரி, சுரங்கம் வந்த பிறகு என்ன ஆகிறது? நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும்; நீர்மட்டம் இறங்குகிறது; இறங்கிய இடத்தில் காற்று புகுகிறது. நிலக்கரியிலும் அதைச் சுற்றியுள்ள பாறையிலும் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் ஈரமும் பட்டதும் அமிலமாகவும் சல்பேட்டாகவும் மாறுகிறது. பாறையில் சுண்ணாம்பு போதுமான அளவு இருந்தால் அமிலத்தை அது அடக்கிவிடும். பிஎச் ஏழுக்கு மேலேயே நிற்கும். ஆனால் சல்பேட் எங்கும் போகாது. ஒரு கிராம் பைரைட் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சுமார் 1.6 கிராம் சல்பேட் வரும். கூடவே கால்சியமும் கடினத்தன்மையும் ஏறும். டிடிஎஸ் என்பது எல்லா உப்புகளுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கூட்டுத்தொகை. பைகார்பனேட் நீர் மெல்ல மெல்லச் சல்பேட் நீராக மாறிக்கொண்டிருந்தாலும் அந்த எண் அதிகம் அசையாமல் இருக்கலாம். இயல்பில் சல்பேட்டே இல்லாத நீரில் சல்பேட் தலைகாட்டுகிறதா என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அது ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் கனிமத்திலிருந்தும் வரலாம். கந்தகத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணு வகைகளின் விகிதத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்களுக்கு வந்த பாட்டிலின் சீட்டில் ‘நிறமற்றது, தெளிவானது’ என்று எழுதியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு விரற்கடைக்குச் செம்பழுப்பு வண்டல். எழுதியவர் பொய் சொல்லவில்லை. இறைக்கும்போது இரும்பு கரைந்திருந்தது, வழியில் காற்றுப் பட்டுத் துருவாகப் படிந்துவிட்டது. கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் இப்படித்தான் வெளியேறி, பிஎச்சை ஏற்றிவிடும். அதனால் பிஎச்சையும் காரத்தன்மையையும் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். இரும்புக்கான மாதிரியை அங்கேயே வடிகட்டி அமிலம் சேர்க்க வேண்டும். கிணற்றுக்குள் இறக்கியிருக்கும் கேசிங் குழாயில் தேங்கியிருக்கும் பழைய நீரை இறைத்துக் கொட்டிய பிறகே பாட்டிலைப் பிடிக்க வேண்டும். கட்டுரையில் வரும் அளவு எங்கே எடுத்தது என்றே சொல்லவில்லை.

அந்தக் கிணறு எந்த அடுக்கின் நீரைத் தருகிறது என்பதும் இல்லை. மணற்பாறை, நிலக்கரி இரண்டுக்கும் நேராகக் குழாயில் துளை இருந்தால் வருவது கலப்பு நீர், இரண்டின் நிலையையும் அது காட்டாது.

சுரங்கத்தை மூடியதும் கண்காணிப்பை நிறுத்திவிடலாம் என்று கட்டுரையில் வரும் யோசனை எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. பம்பை நிறுத்தியதும் நீர்மட்டம் ஏறும். அதுவரை காற்றுப் பட்டுச் சேர்ந்த உப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டே ஏறும். மோசமான நீர் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

கட்டுரையாளரிடம் கேட்டு, அந்தக் கிணற்றின் சோடியம், கால்சியம், பைகார்பனேட், சல்பேட், ஃபுளூரைடு அளவுகளை அடுத்த இதழில் வெளியிடுங்கள். சுரங்கம் தோண்டுமுன் எடுத்த அளவுகள் இருந்தால் அவற்றையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்