தம்பிக்கு, வண்டி விஷயமாக

தம்பி,

அப்பாவின் திதி நல்லபடியாக முடிந்தது. ஐயர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார், உன் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். யாரும் உன்னைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்களிடம், வண்டி வரும் வழியில் தாப்பா பக்கத்தில் நின்றுபோய் அப்படியே திரும்பிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். "அந்த புரோட்டான் வீராவை இன்னுமா ஓட்டுறான்?" என்று சித்தப்பா கேட்டார். 1997-ல் அப்பா ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி, அதை என் மகன் இன்னும் கோலாலம்பூரில் ஓட்டுகிறான் என்று சொல்ல எனக்குப் பெருமைதான். வடைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்.

சரி, வண்டிக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

மூன்று வாரத்தில் நீ அனுப்பியது மொத்தம் நாலு மெசேஜ். "நிக்கிறப்ப ஆஃப் ஆகுதும்மா." "இருபது நிமிஷம் விட்டா எடுத்துக்குது." "ஒர்க்‌ஷாப்புல விட்டா ஒழுங்கா ஓடுது." நாலாவது "ஓகே மா". நாலாவதில் ஒன்றும் இல்லை, முதல் மூன்றும் போதும். அந்த மெக்கானிக் போமன் உன்னிடம் 600 வெள்ளி வாங்கிக்கொண்டு பெட்ரோல் எண்ணெய் பம்ப்பை மாற்றினாரே, இந்த மூன்றையும் அவர் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் பம்ப்பைத் தொட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். நீயும்தான். அதற்கு முன்னால் பேட்டரி, அதற்கு முன்னால் பிளக், ஃபில்டர். ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்ப்பதற்கு நீ எதற்குப் படித்தாய்? நான் படிவம் மூன்று வரைக்கும்தான், ஆனால் 19 வருடம் ஸ்கூல் வேன் ஓட்டினேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன், எவனும் என்னை ஏமாற்றியதில்லை.

வண்டி இரண்டு விதமாகச் சாகும். கரண்ட் போனால் சுவிட்சைத் தட்டின மாதிரி டக்கென்று செத்துவிடும். எண்ணெய் வராவிட்டால் இருமும், இழுக்கும், மிதித்தால் ஏறாது, அப்புறம்தான் அடங்கும். அடுத்த தடவை இஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள்ளைப் பார். கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சக்கரம் இன்னும் இஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்க, முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால் அது கரண்ட் பக்கம். வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் எண்ணெய் பக்கம் பார்க்கலாம். இதற்குக் காசு செலவில்லை, கண் இருந்தால் போதும்.

நீ சொன்ன இருபது நிமிடம்தான் எனக்கு முக்கியம். சூட்டில் நின்று, ஆறினால் எடுக்கிறது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலுக்குள் தலைமுடி மாதிரி செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று இருக்கும். வயதான கம்பியில் எங்கேயாவது ஒரு விரிசல் விழுந்திருந்தால் சூடேறும்போது விரிந்து விட்டுப்போகும், ஆறினதும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பம்ப்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேக்குள் ஈயம் வெடித்திருந்தாலும் இதே கதைதான். நம் வண்டி மாதிரி, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய எம்பிஐ இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் இஞ்சின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்கிற சென்சாரும் அதற்குள்ளேயே இருக்கும், அதுவும் சூட்டுக்கு மயங்கும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆறிவிடும், போமன் சாவியைத் திருப்பினால் நல்ல பிள்ளை மாதிரி ஓடும், "ஒண்ணும் இல்லையே" என்பார். அவர் மேலும் தப்பில்லை. நிற்காத வண்டியில் எதைத் தேடுவார்?

அதனால் நிற்கிற அந்த இருபது நிமிடத்துக்குள் பார்த்தால்தான் உண்டு. நின்றதும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பேட்டரியைக் கொல்லாதே. பானட்டைத் திற. பழைய பிளக் ஒன்று டூல்பாக்ஸில் இருக்கிறது, அப்பா அதற்காகவே வைத்திருந்தது. ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அதில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, அதன் இரும்பு இஞ்சின் பிளாக்கைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொள், யாரையாவது சாவியைத் திருப்பச் சொல். கையால் பிடிக்காதே, எண்ணெய் வாடை அடித்தால் செய்யவே செய்யாதே. நீலமாகப் பொறி வந்தால் கரண்ட் இருக்கிறது. வராவிட்டால் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்தான் கோளாறு, எண்ணெய்க்குப் போகாதே. பொறி இருந்தும் எடுக்கவில்லையென்றால் எண்ணெய் மூடியைத் திறந்து காதை வை, சாவியைத் திருப்பும்போது பம்ப் முனகும். முனகாவிட்டால் ரிலேயை ஸ்க்ரூடிரைவர் கட்டையால் லேசாகத் தட்டு. தட்டினதும் உயிர் வந்தால் ஆள் அகப்பட்டான்.

வீட்டிலேயே நிற்க வைத்தும் பிடிக்கலாம். மருமகளின் ஹேர் டிரையரை வாங்கிக்கொள் (கேட்டு வாங்கு, அப்பா மாதிரி எடுத்துக்கொண்டு போய் கிரீஸ் ஆக்காதே). இஞ்சின் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஐந்து நிமிடம், அப்புறம் ரிலேக்கு ஐந்து நிமிடம் என்று ஒவ்வொன்றாகச் சூடு காட்டு. எதற்குக் காட்டும்போது சாகிறதோ அதுதான். காருக்கு உள்ளே உட்கார்ந்து பண்ணாதே, வெளியே நின்று, காற்றோட்டமான இடத்தில். அப்புறம் சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, முருகன் டாலர் எல்லாம் அதிலேயே தொங்கவிட்டிருக்கிறாய், அந்தக் கனத்தில் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்து லூஸாகும். கொத்தை ஆட்டிப் பார், இஞ்சின் விக்குகிறதா என்று.

ஓடும்போது நின்றால் பதறாதே. ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்கு. சாவியைக் கடைசி வரைக்கும் திருப்பிவிடாதே, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஒதுங்கினதும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில். காருக்குள் உட்காராதே.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒரு கணக்கு எனக்கு உதைக்கிறது. தாப்பாவிலிருந்து கேஎல் 150 கிலோமீட்டர் பக்கம் இருக்கும். அங்கே நின்றுபோன வண்டி அவ்வளவு தூரம் திரும்பி வரும்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றாய். ஹைவேயில் காற்று அடித்து இஞ்சின் ஆறியே இருக்கும், அப்படி வைத்துக்கொள்ளலாம். சும்மா நிற்க வைத்து, ஏர்கான் போட்டு, நெடுநேரம் ஓடவிட்டால்தான் இந்த மாதிரி வேகும். ஐடிலில் 750, 800 சுற்றில் ஓடுகிற பழைய இஞ்சின் மேல் ஏர்கான் கம்ப்ரஸரும் ஏறினால் திணறும், காற்றுப் போகிற திராட்டில் வாய் கரி பிடித்திருந்தால் இன்னும் திணறும், அதைக் கழுவினாலே பாதி சரியாகும். பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டரும் அந்தச் சுற்றில் ஒழுங்காகக் கொடுக்காமல் இருக்கலாம், இருபது வெள்ளி மீட்டர் ஒன்று வாங்கிப் பேட்டரியில் வைத்துப் பார், ஓடும்போது பதின்மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.

ஆனால் நீ எங்கே அவ்வளவு நேரம் ஐடிலில் விடுகிறாய்? வேலைக்கு எல்ஆர்டி ரயிலில்தானே போகிறாய்? செந்தூல் ஸ்டேஷன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரு டேங்க் எண்ணெய் நாலு நாளில் தீர்கிறது என்று போன மாதம் சொன்னாய், லீக் இருக்குமோ என்று நான் பயந்தேன். இப்போது அது லீக் இல்லை என்று நினைக்கிறேன்.

குட்டி போனில் சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் "அப்பா எங்கடா" என்று கேட்டேன். "கீழ கார்ல இருக்காங்க பாட்டி, தினம் அங்கதான்" என்றாள். மணி பத்தரை. பிள்ளை இன்னும் தூங்கவில்லை.

நான் வண்டிக்காகத்தான் சொல்கிறேன். மூடின பார்க்கிங்கில் இஞ்சினை ஓடவிட்டு உட்காராதே. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார். இல்லை, இறக்கினாலும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது வாடையும் கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். உட்கார வேண்டுமென்றால் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார். வேர்க்கும், வேர்க்கட்டும். இல்லாவிட்டால் மேலே மொட்டை மாடிக்குப் போ, மாமாக் டீக்கடையில் போய் ஒரு தே வாங்கிக்கொண்டு உட்கார். காரில் வேண்டாம் தம்பி.

உனக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டில் காலையில் வயிற்று வலி வருமே, ஞாபகம் இருக்கிறதா? வேனில் ஏறுகிற நேரத்துக்கு வரும். கிளினிக்குக் கூட்டிப்போனால் போய்விடும். டாக்டர் அமுக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்பார், காசை வாங்கிக்கொள்வார். மூன்றாவது தடவை கிளினிக் வாசலிலேயே முதுகில் அறைந்தேன். நடிக்கிறாய் என்றேன். நீ அழவில்லை, வேனில் போய் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தாய்.

கடைசி சீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு பெரிய பையன்கள் உன் கேண்டீன் காசைப் பிடுங்கினது, தொடையில் கிள்ளினது, எல்லாம். கூட ஏறுகிற பொம்பளைப் பிள்ளை ஒருத்தி அந்த வருட ஆகஸ்டிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். என் வேனுக்குள், என் முதுகுக்குப் பின்னால். கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்தேன், உன் தலை சீட்டுக்கு மேலே தெரியாது, அதனால் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்த பிறகும் அந்தப் பையன்களை நான் இறக்கிவிடவில்லை. அவர்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், மாதம் 135 வெள்ளி, தேதி தவறாமல் வரும், அப்பாவுக்கு அப்போது ஓவர்டைம் நின்றிருந்தது. அவர்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசக்கூட வாய் வரவில்லை. உன்னை முன் சீட்டுக்கு மாற்றினேன், அவ்வளவுதான் செய்தேன். "அம்மாவுக்கு டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துச் சொல்ல ஆள் வேணும்" என்றேன். நீ அதை நம்பினாய். நம் வேனெட் வேனில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தானே, அந்தச் சூட்டில் தொடை வேக வேக உட்கார்ந்து "பாதிக்கு வந்திருச்சும்மா, பாதியிலேயே நிக்குதும்மா" என்று ஆறாம் ஆண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். எல்லாரிடமும் என் மகன் ஒன்பது வயதிலேயே இஞ்சின் பார்ப்பான் என்று பீற்றிக்கொண்டேன். எதனால் முன் சீட்டுக்கு வந்தாய் என்று ஒரு நாளும் உன்னிடம் சொல்லவில்லை. அறைந்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நீ நடிக்கவில்லை தம்பி. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இதை எதற்கு இப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. திதி முடிந்து வீடு காலியாக இருக்கிறது, அதனால் இருக்கும். அழிக்கலாமா என்று பார்த்தேன், அழித்தால் வண்டி விஷயமும் சேர்ந்து போய்விடும் போலிருக்கிறது, எனக்கு இந்தப் போனில் அதெல்லாம் வராது.

வேலையா, வீட்டிலா, காசா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "ஓகே மா" என்பாய். மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைச் சந்தேகப்படாதே. அப்பா பெயரில் போட்டது கொஞ்சம் இருக்கிறது, அது யாருக்கும் வைத்ததில்லை. போன் மட்டும் எடு. எடுத்து ஒன்றும் பேசாவிட்டாலும் சரி, வண்டி சத்தத்தையாவது கேட்கவிடு, சத்தத்தை வைத்து நான் சொல்லிவிடுவேன். இஞ்சினை ஓடவிட்டு உட்காராதே. சொல்லிவிட்டேனா? சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை இடிஎஸ் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து நாலு மணி நேரம்தான், ஜன்னல் சீட். நம் பழைய போமன் கடை முதலாளி தவுக்கேயிடம் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். பழைய வண்டி உடைக்கிற பொட்டக்கடையில் கழற்றினதுதான், ஆனால் என் கண் முன்னால் மாட்டி ஓட்டிப் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். துணியில் சுற்றிப் பையில் கொண்டுவருவேன். குட்டிக்கு முறுக்கு. உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய், கேட்கவில்லை என்றாலும்.

கேஎல் சென்ட்ரலுக்கு நீதான் வர வேண்டும், மருமகளை அனுப்பாதே. காரிலேயே வா, எனக்கு அது ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். வழியில் நின்றால் நிற்கட்டும். இருபது நிமிடம் ஆறவிட்டு எடுத்துக்கொண்டு வா, அங்கே உட்கார நாற்காலி இருக்கிறது.

அம்மா