உச்சரிப்பைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மாணவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால், அதையே இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகச் சொல்லிக் காட்டி, "எங்கே, சொல்லு பார்ப்போம்" என்கிறீர்கள். அவர் மறுபடியும் பழையபடியே சொல்கிறார். அப்புறம் "நாக்கு வளையவில்லை", "அக்கறை போதாது" என்று முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் சிக்கல் நாக்குக்கு வருமுன்பே, கேட்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளை ஒலிக்கவிட்டார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டையும் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலவற்றால்தான் முடிந்தது. த-வும் ட-வும் ஒன்றுபோலக் கேட்பதை நம்மால் கற்பனை செய்யக்கூட முடியாது, இல்லையா? அந்தக் குழந்தைகளின் செவியில் ஒரு குறையும் இல்லை. சுற்றிலும் பேசும் மொழிக்கு எந்த வேறுபாடு வேண்டும், எது வேண்டாம் என்று மூளை ஓராண்டுக்குள் கணக்குப் போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பெரியவர்களும் அந்தக் கணக்கோடுதான் வாழ்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'பின்' (pin) என்னும்போது உதட்டருகே கையை வைத்தால் காற்று அடிக்கும். 'ஸ்பின்' (spin) என்னும்போது அப்படி அடிக்காது. அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார். இந்தியிலோ கணம், நொடி என்று பொருள்படும் சொல்லையும் (pal) பழத்தைக் குறிக்கும் சொல்லையும் (phal) பிரித்துக் காட்டுவதே அந்தக் காற்றுதான்.

இல்லாத ஒலியையும் மனம் சேர்த்துக்கொள்ளும். எமானுவேல் துபூவும் உடன் ஆய்ந்தவர்களும் 1999இல் காட்டியபடி, 'எப்ஸோ' போன்ற ஒரு பொருளற்ற சொல்லை ஒலிக்கவிட்டால் ஜப்பானியர் நடுவில் ஓர் 'உ' இருப்பதாகவே கேட்கிறார்கள். அவர்கள் மொழியில் அப்படி இரண்டு மெய்கள் ஒட்டி வருவதில்லை. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்பவரையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். அவர் தன் மொழியின் ஒலி ஒழுங்கைப் பிசகாமல் காப்பாற்றுகிறார். அதற்கு வகுப்பில் சிரிப்புத்தான் பரிசாகக் கிடைக்கிறது.

சரி, இதை மாற்ற முடியுமா? முடியும். ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியருக்குப் பலருடைய குரலில், பல சொற்களில், சொல்லின் வெவ்வேறு இடங்களில் அவ்வொலிகளைக் கேட்கவைத்து, கேட்டது எது என்று வினவி, ஒவ்வொரு விடைக்கும் சரியா தவறா என்று உடனே சொன்னார்கள். கேட்கும் திறன் கூடியது. இது 1991இல் வந்த ஆய்வு. 1997இல் வந்த இன்னொன்று அதைவிடச் சுவையானது: பேசவே பயிற்சி தராமல், கேட்கும் பயிற்சி மட்டும் கொடுத்தபோதும் அவர்களின் உச்சரிப்பு மேம்பட்டது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வாயைத் திருத்துமுன் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்: இரண்டு சொற்களைச் சொல்லி, எது எது என்று மாணவரைக் காட்டச் சொல்லுங்கள். அதிலேயே தடுமாறினால், திரும்பச் சொல்லச் சொல்வதை அன்றைக்கு நிறுத்திவிட்டுக் கேட்கவிடுங்கள். நாக்கின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து காட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வேண்டுமானால் அதையும் செய்யுங்கள். ஆனால் உங்கள் ஒரு குரல் மட்டும் போதாது. பதிவுகள் கைவசம் இல்லையென்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரை இரண்டு நிமிடம் வந்து அதே சொற்களைப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மொழி கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர்