துரோகம் என்ற சொல் குறித்து, சுபேதார் அண்ணனுக்கு

குன்னூர்,
ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சுபேதார் அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் 9-ஆம் தேதி மாலை, எல்லையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், நம் தெருப் பிள்ளையார் கோயில் முன்னால் வீரர்களுக்காக விளக்கேற்றக் கூடியிருந்தோம். தெருவில் பாதி வீடுகள் பட்டாளத்து வீடுகள் என்பதால் யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. என்னையும் நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் நலமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிறகு, பஹல்காமில் 26 பேரைச் சுட்டவர்கள் அந்தப் புல்வெளி வரை எப்படி வந்தார்கள், அங்கே காவலுக்கு ஏன் ஒருவரும் இல்லை என்பதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும், அதற்காக நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னேன். நீங்கள் எழுந்து, "சண்டை நடக்கும்போது அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது துரோகம், டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னைத் தங்கச்சி என்று அழைத்தவர் நீங்கள். அன்று டீச்சர் என்றீர்கள்.

நான்கு பேர் முன்னிலையில் சொன்னதற்கு நான்கு பேர் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். உங்கள் பெயரையோ வீட்டையோ குறிப்பிடவில்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். மானெக்‌ஷா இறந்தபோது நீங்கள் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ஊட்டியில் அடக்கம் செய்தார்கள். 1971-இல் வென்ற தளபதி என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னால், இதே வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, அவர் மேல் தேசப்பற்று இல்லாதவர் என்று குற்றம் சாட்டி விசாரணை நடத்தினார்கள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அரசியல் தலைமையையும் மேலதிகாரிகளையும் பற்றி மனம்விட்டுப் பேசியதும், அலுவலகத்தில் ஆங்கிலேயர் காலத்துப் படங்களை மாட்டியிருந்ததும் குற்றங்களாகச் சொல்லப்பட்டன. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. சில மாதங்களில் சீனப் போர் வந்தது. அதில் நிலைகுலைந்துபோன நான்காவது கோர் படையணியைத் தூக்கி நிறுத்த அரசு அனுப்பிய ஆளும் அவர்தான். 1971 ஏப்ரலில் உடனே படையெடுக்கும்படி பிரதமர் கேட்டபோது, படை இன்னும் ஆயத்தமாகவில்லை, அவகாசம் வேண்டும் என்று நேருக்கு நேர் மறுத்துச் சொன்னதாக அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். போர் டிசம்பரில்தான் மூண்டது. வெலிங்டனில் அந்தக் குற்றச்சாட்டை எழுதியவர்கள் ஜெயித்திருந்தால் அந்த மறுப்பைச் சொல்ல அங்கே யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் சீருடையில் இருந்தவர், அறைக்குள் பேசினார், நீ தெருவில் பேசினாய் என்று சொல்வீர்கள். அதனால் 1962-க்கே வருகிறேன். அக்டோபர் 20 அன்று சீனப்படை இறங்கியது. அங்கே பதினாலாயிரம் அடிக்கு மேல் நம் சிப்பாய்கள் பருத்திச் சட்டையோடும் கித்தான் காலணியோடும் பழைய 303 துப்பாக்கியோடும் நின்றார்கள். ஆறாயிரம் அடியில் இருக்கிற நமக்கே ஜனவரி உறைபனிக்குக் கம்பளி போதவில்லை, விடியற்காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. அந்த உயரத்தில் பருத்தி என்பது என்னவென்று இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்போது மாநிலங்களவையின் இளம் உறுப்பினராக இருந்த வாஜ்பாய் முதலானோர் நாடாளுமன்றத்தை உடனே கூட்டச் சொன்னார்கள். நேரு கூட்டினார். நவம்பர் 8 அன்று அவை கூடியபோது சண்டை நின்றிருக்கவில்லை. போர்நிறுத்தம் நவம்பர் 21-இல்தான் வந்தது. இரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையையும் நேரு ஏற்கவில்லை; உலகம் கேட்க, நம் அரசை நம் உறுப்பினர்களே கடுமையாகக் கேட்டார்கள். அதற்கு முந்தைய நாள்களிலேயே பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி இழந்திருந்தார். அவரை விலக்க வைத்ததில் ஆளுங்கட்சி உறுப்பினர்களின் பங்கு பெரியது. அதே அவை நவம்பர் 14 அன்று, ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றுவோம் என்ற தீர்மானத்தையும் நிறைவேற்றியது. கேள்வி கேட்டவர்களும் உறுதி எடுத்தவர்களும் ஒரே ஆட்கள். நம் மாநிலத்தில் தி.மு.க. தலைவர் அறிஞர் அண்ணா திராவிட நாடு கோரிக்கையை அந்த நேரத்தில் ஒத்திவைத்துப் போர் முயற்சிக்குத் துணை நின்றார். அதற்காக காங்கிரஸ் ஆட்சியை விமர்சிப்பதை அவர் கைவிட்டுவிடவில்லை.

"போர் முடியட்டும், பிறகு கேளுங்கள்" என்று அன்று உங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். இந்த வாதம்தான் நல்ல மனிதர்களையும் எளிதில் மயக்குகிறது. சீனப் போர் ஒரு மாதம் நடந்தது. அதற்காக 1962 அக்டோபர் 26 அன்று அறிவித்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விசாரணை இல்லாமல் பலர் சிறையில் கிடந்தார்கள். தோல்விக்குக் காரணம் என்ன என்று ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-இல் எழுதிக் கொடுத்த அறிக்கையை அரசு இன்று வரை வெளியிடவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்தும் "பிறகு" வரவில்லை, அண்ணா. கேள்வியைத் தள்ளிப்போடச் சொல்கிறவர், போர் எப்போது முடிந்தது என்று தீர்மானிக்கிற அதிகாரத்தையும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடமே கொடுத்துவிடுகிறார்.

கார்கிலில் இது வேறு மாதிரி நடந்தது. ஊடுருவல் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று சண்டையின்போதே பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் விடாமல் கேட்டதால், போர் முடிந்த சில நாள்களில், 1999 ஜூலை 29 அன்று, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கை அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2001-இல் அமைச்சர்கள் குழு, முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பதவிக்கு முதலில் வந்த ஜெனரல் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று நம் காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தபோது, வீட்டிலிருந்த போர்வைகளோடும் தண்ணீர்க் குடங்களோடும் நம் ஜனங்கள் ஓடினார்கள். அவர் வகித்த பதவிக்குப் பின்னால் கார்கிலின்போது எழுந்த கேள்விகளும் இருந்தன.

இனி எனக்கும் உங்களுக்கும் பொதுவான இடத்துக்கு வருகிறேன். 1987-இல் என் அண்ணனும் நீங்களும் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனீர்கள். நான் அப்போது டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பை ஒட்டிய பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள்தான் வகுப்பில் பாதி. அக்டோபரில் சண்டை தொடங்கிய பிறகு ஒரு நாள், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கட்டுரை நோட்டை நீட்டிக்கொண்டே, "டீச்சர், உங்க அண்ணன் அங்க யாரைச் சுடுறாரு?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டி, 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்த் தங்கியவர். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதில் துரோகம் ஏதும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு பக்கத்துச் சொல்லும் என் காதில் விழுந்தது. இந்தப் படையெடுப்பு வேண்டாம் என்றவர்கள் தேசத் துரோகிகள். என் அண்ணன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நான் அழுததற்கு நான் இனத் துரோகி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய காலாட்படையினர் முப்பது பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் மடிந்தார்கள். பத்து நாள் கழித்து யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுடப்பட்டு இறந்தார்கள். இரண்டுக்காகவும் கேட்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அவர் எதிர்த்த கொள்கை எதிர்க்கத்தக்கது என்றே நானும் நினைத்தேன்; ஆனாலும் 1,100-க்கும் மேற்பட்டவர்களை இழந்துவிட்டு வந்த படையிடம் அந்தக் கணக்கைத் தீர்த்தது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அண்ணா, மே மாதம் நீங்கள் செய்ததும் அதே தவறுதான், திசை மட்டும் வேறு. அன்று அரசின் மேல் இருந்த கோபம் சிப்பாயின் மேல் விழுந்தது. இன்று சிப்பாய்க்கு உரிய மரியாதையை அரசுக்குக் குடையாகப் பிடிக்கிறீர்கள்.

தமிழ் ஆசிரியை என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று எண்ணி, நலங்கிள்ளியோடு பகை கொண்டிருந்த சோழன் நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் பாடி அவன் உயிரைக் காத்தார். அதே கோவூர்கிழார், ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி உள்ளே இருந்தபோது, பாலில்லாமல் குழந்தைகள் அழுவதையும் பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிவதையும் அவனிடம் எடுத்துச் சொல்லி, அறத்தை எண்ணினால் கதவைத் திற, மறத்தை எண்ணினால் போருக்காகத் திற, இரண்டும் இல்லாமல் உள்ளே பதுங்கியிருப்பது நாணத்தக்கது என்றார். முற்றுகை நடந்துகொண்டிருந்த நேரத்தில், மன்னன் முகத்துக்கு நேரே சொன்னது அது. புறநானூற்றைத் தொகுத்தவர்கள் அதைப் போற்றி வைத்தார்கள்.

எல்லாவற்றையும் எப்போதும் சொல்லலாம் என்று நான் வாதிடவில்லை. படை எங்கே நகர்கிறது, எந்த மலையில் எந்தத் துப்பாக்கி நிற்கிறது என்பதை வெளியே சொல்வது கொலைக்குத் துணைபோவது. 2008-இல் மும்பையில் கமாண்டோக்கள் இறங்கியதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டியதை உச்ச நீதிமன்றமே பின்னால் கண்டித்தது. நான் கேட்டவற்றில் எந்த இரகசியமும் இல்லை. அரசை விமர்சிப்பது வன்முறையைத் தூண்டாத வரை இராஜதுரோகம் ஆகாது என்று கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த 1962 ஜனவரியில்தான். போரை முன்னிட்டு நெருக்கடி நிலை அறிவித்தால் பேச்சுரிமை செயலிழக்க அரசமைப்பில் வழி உண்டு; இந்த மே மாதத்தில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. அரசே பறிக்காத உரிமையை நம் தெருவில் நாமே பறித்துக்கொள்வானேன்?

இந்தச் சொல் எவ்வளவு மலிந்துவிட்டது என்று அதே மாதம் பார்த்தோம். திருமணமாகி ஒரு வாரம்கூட ஆகாமல் பஹல்காமில் கணவரை இழந்த பெண், முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பு வேண்டாம் என்று சொன்னதற்காக ஏசப்பட்டார். மே 10 அன்று சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலரும் அவர் மகளும் ஏசப்பட்டார்கள். அவர் அறிவித்தது அரசின் முடிவைத்தான்.

நான் பேசியதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அரசமைப்பின் 33-ஆவது பிரிவும் 1950-இன் இராணுவச் சட்டமும் சிப்பாயின் பேச்சுரிமையைக் கட்டுகின்றன. அனுமதியின்றி அவர் பத்திரிகைக்கு எழுத முடியாது, சங்கம் சேர முடியாது. ஒழுங்கு குலையாமல் இருக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். என் அண்ணனின் கறுப்புத் தகரப் பெட்டி, வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதியபடி, இன்னும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இலங்கையிலிருந்து அவர் எழுதிய பதினொரு இன்லேண்டு கடிதங்கள் அதில் இருக்கின்றன. பதினொன்றிலும் நலம், நலமறிய ஆவல், இங்கே மழை, உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை போனது என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

2011-இல் அவருடைய கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, நீங்கள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு நடந்ததை எனக்குச் சொன்னீர்கள். சொல்லி முடித்துவிட்டு, "எங்களால எழுத முடியாது தங்கச்சி, நீ டீச்சர், நீ எழுதலாம்" என்றீர்கள். பதினான்கு ஆண்டுகளாக அதில் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. மே 9 அன்று கோயில் முன்னால் பேச எழுந்தபோது என் மனதில் இருந்தது அந்த இரவுதான்.

நீ எழுதலாம் என்று அன்று சொன்னதை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எழுதலாம் என்றால், நாள், இடம், ஆட்களின் பெயர் எல்லாம் உங்கள் வாயால் இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

உங்கள் தங்கை,
குன்னூரிலிருந்து