மோரியும் ரப்பர் வாளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கடலின் காற்று, நீரோட்ட வரைபடங்களைப் போட்ட அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபோன்டேன் மோரியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. சரக்குக் கப்பல்களில் டெக் ஆபீசராக 26 வருஷம் ஓட்டியவன் நான். அந்த உரிமையில் இந்தக் கடிதம்.

சின்னத் திருத்தங்களை முதலில் முடித்துவிடுகிறேன். படத்துக்குக் கீழே 'அட்மிரல் மோரி' என்று போட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கடற்படையில் அவர் கமாண்டருக்கு மேல் போனதில்லை. அந்தக் கமாண்டர் பதவியும் மல்லுக்கட்டி வாங்கியதுதான். 1855-இல் அதிகாரிகளைச் சலித்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். கால் ஊனமான இவர் கப்பலேற லாயக்கில்லை என்று அந்தக் குழு ஓரங்கட்டிவிட்டது. உலகம் முழுக்கப் பெயர் பரவியிருந்த ஆள் அப்போதும் வெறும் லெப்டினன்ட். விடாமல் எழுதி, ஆதரவு திரட்டி, 1858-இல்தான் கமாண்டராகத் திரும்ப வந்தார்.

'ஒரு காலை இழந்தவர்' என்று எழுதியிருப்பதும் சரியில்லை. 1839-இல், 33 வயதில், ஒஹாயோவில் பயணிகள் குதிரைவண்டி கவிழ்ந்து கால் முறிந்தது. வண்டிக்குள் இருந்த தன் இடத்தை ஒரு பெண்ணுக்கு விட்டுவிட்டு மேலே ஏறி உட்கார்ந்திருந்தார் என்பார்கள். எலும்பைக் கோணலாகக் கட்டிவிட்டதால் மறுபடி உடைத்துக் கட்டவேண்டி வந்தது. அறுவைக்கு மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம். கால் போகவில்லை, ஆனால் கடைசிவரை விந்தி விந்திதான் நடந்தார்.

இனி என் உண்மையான மனக்குறை. கட்டுரை முழுக்க மோரி கடற்பாதைகளைக் 'கண்டுபிடித்தார்' என்றே வருகிறது. ஏதோ ஒரு மேதை ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி. நடந்தது வேறு. கால் முறிந்த கையோடு கப்பல் வேலையும் போயிற்று. 1842-இல் வாஷிங்டனில் கடல் வரைபடங்களும் கருவிகளும் வைத்திருந்த ஒரு கிடங்குக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அங்கே ஒரு மூலையில், பயணம் முடிந்த போர்க்கப்பல்களின் பழைய லாக் புத்தகங்கள், அதாவது தினக் குறிப்பேடுகள், தூசி படிந்து குவிந்து கிடந்தன. எடைக்குப் போடவேண்டிய சரக்கு என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். மோரி அவற்றைப் பிரித்தார்.

1831-இல் ஃபால்மத் என்ற போர்க்கப்பலில் வழிசெலுத்தும் பொறுப்போடு கிளம்பியபோது, போகிற வழியில் எந்த மாதம் என்ன காற்று வீசும், நீரோட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் தேடி அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று தேடியது இப்போது தூசிக்குள் கிடந்தது. என்ன, ஆயிரம் கைகளில் ஆயிரம் விதமாகக் கிறுக்கியிருந்தது. தேதி வாரியாக, கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இந்தச் சதுரத்தில் இந்த மாதத்தில் காற்று எத்தனை தடவை எந்தத் திசையில் அடித்தது என்று உதவியாளர்களோடு உட்கார்ந்து கணக்கெடுத்தார். 1847-இல் வட அட்லாண்டிக் வரைபடம் வெளிவந்தது.

அதற்கு முன்னால் ரியோவுக்குப் போகிற பாய்மரக் கப்பல்கள் கிழக்கே ஆப்பிரிக்கப் பக்கமாக வெகுதூரம் சுற்றிப் போகும். நேராகப் போனால் பிரேசிலின் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் சாவோ ரோக்கி முனையைத் தாண்ட முடியாமல் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். மோரியின் கணக்கில் அப்படி ஒரு பூதம் தட்டுப்படவே இல்லை. நேராக வெட்டிப் போங்கள் என்றார். 1848-இல் பால்டிமோரிலிருந்து கிளம்பிய ஜாக்சன் என்ற கேப்டன் அதை நம்பிப் போனார். வழக்கத்தைவிட இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னதாக ரியோ போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் கேப்டன்மார் வரிசையில் நின்றார்கள். நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போக ஆறு மாதம் ஆனது நாலரை மாதமாகச் சுருங்கியது. 1851-இல் ஃப்ளையிங் கிளவுட் கப்பல் அந்தத் தூரத்தை 89 நாளில் முடித்தது. அதில் வழி குறித்தவர் கேப்டனின் மனைவி எலனோர் கிரீசி, கையில் மோரியின் குறிப்புகள். கட்டுரையில் இந்த அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை!

வரைபடத்தை மோரி காசுக்கு விற்கவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கேப்டன்களுக்கு வெறும் படிவத்தைக் கொடுப்பார். தினமும் எங்கே இருக்கிறாய், காற்று, நீரோட்டம், காற்றழுத்தம், தண்ணீர் எத்தனை டிகிரி என்று நிரப்பிக்கொண்டு வா, வரைபடம் இலவசம். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாட்டு ஆட்களைக் கூட்டி, எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி குறிப்பெழுத ஏற்பாடு செய்தார். போர் வந்தாலும் இந்தக் குறிப்புப் பரிமாற்றம் நிற்கக்கூடாது என்பதும் அங்கே பேசப்பட்டது.

இதெல்லாம் பழங்கதை இல்லை சார். நானே இதைச் செய்திருக்கிறேன். நம் வானிலைத் துறை கப்பல்களுக்குக் கருவிகளைக் கொடுத்து, தானாக முன்வந்து குறிப்பெடுப்பவர்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது அந்த வேலை என் தலையில் விழுந்தது. கயிற்றில் கட்டிய ரப்பர் வாளியைக் கப்பலின் பக்கவாட்டில் இறக்கவேண்டும். கப்பல் மணிக்கு 14 கடல்மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிறு கையைப் பிய்த்துக்கொண்டு போகும். முதல் தடவை வாளியையே கடலுக்குத் தாரை வார்த்துவிட்டு, கேப்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தூக்கிய தண்ணீரில் வெப்பமானியை விட்டு, வெயிலும் காற்றும் படுவதற்குள் படித்து எழுதவேண்டும். அரபிக்கடலில் ஜூலை மாத ஆட்டத்தில், சாப்பிட்டது தொண்டையில் நிற்க, யாருக்காக இதை எழுதுகிறேன் என்று பலமுறை திட்டியிருக்கிறேன். மோரியைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோதுதான் அந்த வாளி எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. அவருடைய வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இப்படி எவனோ ஒருவன் நனைந்துகொண்டு எழுதியது.

அந்த எண்களை விட்டு அவர் விலகியபோதெல்லாம் சறுக்கினார் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். வட துருவத்தில் பனிக்கு அப்பால் உறையாத கடல் உண்டு என்று அடித்துச் சொன்னார். அப்படி ஒன்று கிடையாது. 1855-இல் வந்த அவருடைய கடல் புவியியல் நூலில் காற்றோட்டத்துக்குச் சொன்ன விளக்கங்களும் நிற்கவில்லை. அதைப் படித்து எரிச்சலான அமெரிக்க வானிலை அறிஞர் வில்லியம் ஃபெரல்தான் அடுத்த வருஷமே சரியான பாதையில் எழுதத் தொடங்கினார்.

அடிமை முறையை விடாத தென் மாநிலங்கள் பிரிந்துபோய் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ஐ கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறது. 'பிறந்த மண்ணின் பாசத்தால் தெற்குப் பக்கம் சேர்ந்தார்' என்று. வர்ஜீனியாக்காரர், ஏப்ரலில் ராஜினாமா செய்தார், அதுவரை சரி. ஆனால் வெறும் பாசம் என்று விட்டுவிட முடியாது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, தெற்கத்திப் பண்ணைக்காரர்கள் தங்கள் அடிமைகளோடு அமேசான் கரைகளில் போய்க் குடியேறவேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தவர் அவர். மைத்துனர் ஹெர்ன்டனை அந்த ஆற்றை ஆராயக் கடற்படை அனுப்பியபோது அவர் மனதில் இருந்தது அதுதான். போரில் அவர் செய்தது நீருக்கடியில் வெடிக்கும் கண்ணிகள். ரிச்மண்டில் உறவினர் வீட்டுக் குளியல்தொட்டியில் சிறிய வெடிகளை வெடித்துப் பார்த்துப் பழகினார். கப்பல்கள் பத்திரமாகப் போய்ச்சேர வரைபடம் போட்ட கை அது.

போர் அவரையும் விடவில்லை. மகன் ஜான் 1863-இல் விக்ஸ்பர்க் அருகே காணாமல் போனவர் போனவர்தான். தோற்ற பிறகு மெக்சிகோவில் மாக்சிமிலியன் அரசரிடம் குடியேற்றப் பொறுப்பு, அப்புறம் இங்கிலாந்து. 1868-இல் வர்ஜீனியாவுக்குத் திரும்பி லெக்சிங்டன் ராணுவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். 1873 பிப்ரவரி 1-இல் அங்கேயே இறந்தார். மலைக் கணவாயில் பூப் பூத்திருக்கும் சமயம் பார்த்து என்னைக் கொண்டுபோங்கள் என்று கேட்டிருந்தார். அப்படியே காத்திருந்து ரிச்மண்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ரிச்மண்டில் 1929 முதல் நின்ற அவருடைய சிலையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். 2023-இல், அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த கடற்படை ஆய்வுக் கப்பலுக்கு மேரி தார்ப் என்று பெயர் மாற்றினார்கள். கட்டுரையாளர் இதற்கு வருத்தப்படுகிறார். எனக்கு வருத்தமில்லை. பெண் என்பதால் பல வருஷம் ஆய்வுக் கப்பலில் ஏற்றப்படாமல், மற்றவர்கள் அளந்துகொண்டு வந்த ஆழக் கணக்குகளை மேஜையில் வைத்துக் கடலடியை வரைந்தவர் தார்ப். மோரி செய்த அதே வேலை.

படக்குறிப்பை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். இடம் இருந்தால் அவருடைய காற்று வரைபடம் ஒன்றையும் போடுங்கள். அந்தக் காலத்து எழுத்து மிகப் பொடி. அரைப் பக்கமாவது வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தூத்துக்குடி