பாப்பாவுக்கு, குளிர் வருவதற்குள்

பட்டர்வொர்த், மலேசியா
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள பாப்பா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. தம்பி பேச்சை எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அதனால் எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் மழை வந்துவிடுகிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். குளிர்கால டயரை மாட்டிவிடு. இந்த மாதமே மாட்டிவிடு.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார் அழகாக இருக்கிறது. கடைக்கு வருகிற லோரிக்காரர்களிடம்கூடக் காட்டினேன். "உங்க மகளா ஓட்டுது?" என்று ஒவ்வொருவரும் கேட்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். தாத்தா ரப்பர் தோட்டத்தில் சைக்கிளையே இரவல் வாங்கித்தான் ஓட்டினார். அவர் பேத்தி மியூனிக்கில் தன் சொந்தச் சம்பளத்தில் போர்ஷே பாக்ஸ்டர் வாங்கியிருக்கிறாள். ஆனால் பாப்பா, வாங்குவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாங்கி மூன்று வாரம் கழித்துப் படம் வருகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை. டயர் கடையிலேயே வளர்ந்த பெண், ஸ்கூல் லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்குக் குறுக்காக நட்டு முறுக்கியவள், டயரைப் பற்றிக் கேட்காமல் எப்படி இருந்தாய் என்றுதான்.

அதில் இருப்பது சம்மர் டயர். 18 அங்குல ரிம், அகலம் முன்னால் 235, பின்னால் 265 மில்லிமீட்டர். நல்ல டயர்தான். இங்கே நம் கடையில் நான் விற்பதெல்லாம் உங்கள் ஊர்க் கணக்கில் சம்மர் டயர்தான். பகலில் 31, 32 டிகிரி, இரவிலும் 24க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். இந்த ஊருக்கு வேறு எதற்கு? அங்கே கதை வேறு. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுக ஆரம்பிக்கிறது. பனி விழ வேண்டும் என்றில்லை. காய்ந்த ரோட்டில், நல்ல வெயிலில், காலை எட்டு மணிக்கு 3 டிகிரி இருந்தாலும் அது பழைய ரப்பர் செருப்பு மாதிரி விறைத்துப் போய்விடும், ரோட்டைப் பிடிக்காது. மைனஸ் 7க்குக் கீழே வண்டியை நகர்த்தினாலே ஓரத்தில் வெடிப்பு விடலாம் என்று தயாரிக்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். "இன்னும் பனி வரலப்பா" என்று நீ சொல்லும் பதில் எனக்குப் போதாது.

ஆல் சீசன் போட்டுக்கொள்கிறேன், வருடம் முழுவதும் ஒரே செட், வேலை முடிந்தது என்றாய். ஆபீசில் யாரோ சொன்னார்களாம். ஆல் சீசனை நான் மட்டம் தட்டவில்லை. இப்போது வருவதில் பலவற்றின் ஓரத்தில், குளிருக்குத் தகுதியான டயர் என்று காட்டும், மலைக்குள்ளே பனிப்பூ இருக்கிற சின்னமும் இருக்கிறது, சட்டமும் ஒத்துக்கொள்கிறது. சின்ன கார் வைத்து மியூனிக் நகரத்துக்குள்ளேயே வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். உன் கார் அப்படியில்லை. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், இழுப்பதும் பின் சக்கரம். பின்பக்கம் ஒருமுறை வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், திருப்பிப் பிடிக்க நேரமிருக்காது. ஆல் சீசன் கோடையில் சம்மர் டயர் அளவுக்குப் பிரேக் பிடிக்காது, ஐஸில் விண்டர் டயர் அளவுக்குப் பிடிக்காது. இப்படிப்பட்ட காரை வாங்கிவிட்டு இரண்டு பக்கமும் அரைகுறையாக ஏன் ஓட்ட வேண்டும்? இரண்டு செட் வைத்துக்கொள். கோடைக்கு இது, குளிருக்கு அது. ஒன்று ஓடும்போது இன்னொன்று தேயாது, ஆகவே காசு நீ நினைக்கிற அளவுக்கு வீணாகாது.

முன்பெல்லாம் ஞாயிறு காலையில் போன் செய்வாய், இங்கே மத்தியானம், நாங்கள் கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். இப்போது ஞாயிறு இரவு, காரிலிருந்துதான் பேசுகிறாய். ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்கிறாய். வாரா வாரம் இன்ஸ்புரூக். அந்தப் படத்தில் பக்கத்து சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கிறது. அவ்வளவு நீளக் கால் உனக்குமில்லை, உன் தோழிகளுக்கும் இல்லை. அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ரோட்டை மட்டும் மேப்பில் பார்த்தேன். கார்மிஷ், மிட்டன்வால்ட், ஸீஃபெல்ட் வழியாகப் போகிறாய். ஸீஃபெல்ட் கிட்டத்தட்ட 1,180 மீட்டர் உயரம். நம் பினாங்குக் கொடிமலையே 833தான். அங்கிருந்து சிர்லர் பெர்க்கில் இறங்கினால் சரிவு 16 சதவீதம் வரை போகிறது. பிரேக் போன வண்டிகள் ஒதுங்கி நிற்கவே தனிப் பாதை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் அதில் இருட்டில்தான் இறங்குவாய். குளிர் முடிகிற வரை அந்த வழி வேண்டாம் பாப்பா. ரோசன்ஹைம், குஃப்ஸ்டைன் வழியாகப் பள்ளத்தாக்கிலேயே நெடுஞ்சாலை போகிறது. கொஞ்சம் சுற்று, ஆஸ்திரியா டோல் ஸ்டிக்கர் வாங்க வேண்டும், வாங்கு. பாலத்தின் மேல் முதலில் ஐஸ் கட்டும், கீழே மண் இல்லாததால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கண்ணுக்கு ஈரம் மாதிரிதான் தெரியும். பாகான் சிராய் அருகே அந்த மழை இரவை நீ மறந்திருக்க மாட்டாய். அதற்கு மேல் எழுத எனக்கு முடியவில்லை.

சட்டமும் பார்த்துக்கொள். ஜெர்மனியில் ரோட்டில் ஐஸோ பனியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து டயர் ஓரத்தில் பழைய M+S எழுத்து மட்டும் இருந்தால் போதாது, அந்த மலைச் சின்னம் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ, லைசென்ஸில் ஒரு புள்ளி. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை ரோட்டில் பனி இருந்தால் கட்டாயம், டயரில் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அபராதத்தை விடு, விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் டயரைத்தான் பார்ப்பான்.

வாங்கும்போது நாலையும் வாங்கு. பின்னால் இரண்டு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பின்னால் தள்ளும், முன்னால் திரும்பாது, பிரேக்கும் பிடிக்காது. 17 அங்குல ரிம்மிலேயே கேள். உன் மாடலுக்கு முன்னால் 205/55, பின்னால் 235/50 வரும், காரோடு வந்த புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். அகலம் குறைந்தால் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே பிடிக்கும், ஓரம் உயரமாக இருந்தால் குழியில் ரிம் அடிபடாது, விலையும் குறைவு. போர்ஷே ஒத்துக்கொண்ட டயர் என்றால் ஓரத்தில் N என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், கிடைத்தால் அதையே எடு. ஓரத்தில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதே. அதில் முதல் இரண்டு எண் டயர் செய்த வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு எண் வருடத்தைக் காட்டும். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், எந்த ஊராக இருந்தாலும். விண்டர் டயரின் வேக அளவு காரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும். V என்ற எழுத்து இருந்தால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. டாஷ்போர்டில் அந்த வேகத்தை எழுதிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார்கள், ஒட்டிக்கொள். அந்த வேகமெல்லாம் உனக்கு வேண்டவே வேண்டாம்.

மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல். காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார். பத்து டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 0.1 பார் (bar) இறங்கிவிடும். இரண்டு பேர் உட்கார்ந்து போவதற்கும் ஒருவர் போவதற்கும் காற்று வேறாக இருந்தால் காரோடு வந்த புத்தகத்தின் அட்டவணையில் போட்டிருக்கும். பார்த்துப் போடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிரில் அந்த டயர் மிருதுவாகவே இருப்பதற்கு ஒரு காரணம், அதில் பால் மரத்து ரப்பர் கூடுதலாகச் சேர்ப்பார்கள். செயற்கை ரப்பரில் பல வகை சீக்கிரம் இறுகிவிடும். மரத்து ரப்பர் சுமார் மைனஸ் 70 வரை கண்ணாடி மாதிரி விறைக்காது. தாத்தா விடிவதற்கு முன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டினாரே, அதே பால். அவர் பனியைப் பார்த்ததே இல்லை. அது உன்னைத் தாங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, நீ மாட்டினால்.

மூவாயிரம் மலேசிய வெள்ளி உன் கணக்கில் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே, அம்மா வருத்தப்படுவாள். நாலு டயருக்கும் ரிம்முக்கும் இது முழுதாகப் போதாது, மீதியை நீ போட்டுக்கொள். வேறு எதற்கும் செலவழிக்காதே. முதல் பனி விழுந்த அன்றைக்கு அங்கே எல்லா டயர் கடையிலும் வரிசை நிற்கும், வாரக்கணக்கில் நாள் கிடைக்காது. அதனால் திங்கட்கிழமையே போன் செய்து நேரம் வாங்கு. கழற்றிய சம்மர் செட்டைக் கடையிலேயே வைத்துக்கொள்வார்கள், வாடகை கேட்பார்கள், கொடுத்துவிடு. வீட்டு பால்கனியில் வெயிலில் போடாதே.

தீபாவளிப் பார்சல் அடுத்த வாரம் கிளம்பும். அம்மா இந்த முறை முறுக்கும் அதிரசமும் கூடவே சுடப் போகிறாள். அங்கே யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறாள். காரம் சாப்பிடுவார்களா என்று மட்டும் எழுது, அதற்குத் தகுந்தாற்போல் போடுகிறாளாம்.

மாட்டியதும் நாலு டயரின் ஓரத்தையும் படம் எடுத்து அனுப்பு. மலைச் சின்னமும் அந்த நாலு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம் இன்ஸ்புரூக் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு, இங்கே விடியற்காலையாக இருந்தாலும் பரவாயில்லை. நான் முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா